மண்ணின் மைந்தர் எட்டுப் பேர்

— என்ன மாப்ள, போர்ட அப்பிடி மொறச்சுப் பாக்குற? எழுத்து கண்ணப் பறிக்குதுல்ல?

— பறிக்குது மச்சான். ‘கருப்பசாமி சப்பரத்துக்குத் தோள் கொடுக்க மண்ணின் மைந்தருக்கு மட்டுமே உரிமை. இவண், விழாக் கமிட்டித் தலைவர் அழகுபாண்டி.’ கீழ ஆளுயரத்துக்கு ஒங்க படம். சாமி படம் எங்க?

— மூலையில இருக்கு பாரு.

— ஓ... நான் பிரஸ்காரன் முத்திரைன்னு நெனச்சேன்.

— நக்கலு? வில்லாபுரமே பாராட்டுது. ஊர்க்கூட்டத்துல மேலத்தெரு ஜெயக்கொடியே எந்திரிச்சுக் கைதட்டி, ‘எங்க தெருச் சப்பரத்துக்கும் அதே சட்டம்’னு ஒத்துக்கிட்டான். அத விடு முத்துக்கருப்பா, சப்பரம் தூக்க ஆளு வந்தாச்சா?

— வந்துருக்காக. மூணு பேரு.

— எட்டுத் தோளு வேணுமேடா!

— அந்த மூணுலயும் சின்னச்சாமி மாமா இடுப்புல பெல்ட்டு போட்டுருக்காரு.

— நம்ம தெருவு எளவட்டமெல்லாம் எங்க போச்சு?

— ஒங்க மகன் சிங்கப்பூரு. என் மகன் துபாயி. விருமாண்டி மகன் பெங்களூரு. வீடியோ காலுல தோள் குடுக்கச் சொல்லவா?

— இவன் ஒருத்தன்...

— பொழுது சாயக் கெளம்பணும் மச்சான். மேலத்தெரு சப்பரம் நகந்து நம்மது நகரலைன்னா, தலைவர் பதவி ஜெயக்கொடிக்கு. அடுத்த வருசம் இதே எடத்துல அவரு படம்.

— வாயக் கழுவுடா!

— அதான் சொல்றேன்... ரிங் ரோட்டுல கட்டட வேல பாக்குற ஒடிசாப் பயலுகள எப்பிடியாச்சும் தேடிப் புடிச்சுட்டா... தோளு ஒவ்வொண்ணும்...

— மூச்! வந்தேறிக தோள்ல நம்ம சாமியா? இது நம்ம மண்ணுடா!

— எந்த மண்ணு? பஞ்சத்துல பேரையூர விட்டு வரும்போது, அங்க கோயில்ல ஒரு பிடி மண்ண அள்ளித் துண்டுல முடிஞ்சு கொண்டாந்து, இங்க வச்சுக் கும்பிட்டதுதான இந்தச் சாமி?

— பிடிமண்ணு எடுத்தாரது நம்ம வழக்கம்டா...

— சாமியே பொழைக்க வந்தவருதான்னு சொன்னேன்.

— அது எங்க பாட்டன் காலம். அம்புட்டு வருசம் ஆச்சுன்னா சொந்த மண்ணு.

— எம்புட்டு வருசம்? அதையும் போர்டுல போட்டுருக்கலாம்ல. ஒங்க மகன் சிங்கப்பூர்ல காவடி எடுத்தப்ப, நீ எந்த மண்ணோட மைந்தன்னு எவனும் கேட்டானா?

— போலீசே வழி விட்டு நின்னுச்சுடா! போட்டோ காட்டுனேன்ல?

— தெருவுக்கே காட்டுனீக... மச்சான், ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது.

— சொல்லித் தொல.

— போன வருசம் முன்னால நின்னு தூக்குனவனுக்கு நீங்க துண்டு போத்துனீக. ‘பேரையூரு ரத்தம்டா, தோளப் பாருங்கடா’ன்னு மைக்குல கண் கலங்குனீக...

— ஆமா. மௌன விரதம் இருந்த பய.

— அவன் ஒடிசாக் கைலாசு. தலப்பா கட்டி, மூஞ்சி பூராத் திருநீறு அப்பி, நான்தான் கூட்டியாந்தேன் மச்சான். இன்னைக்கும் கூட்டியாரத்தான் காலையில போனேன். அவனோட சேத்து எட்டுப் பேரையும் காணோம். ஜெயக்கொடி முந்திக்கிட்டாரு போல. மோசம் போயிட்டோம்...

— ஏன்டா, துண்டு போத்துனதும் அவன் அவுக பாசையில ‘தன்யபாத்’ன்னு நன்றி சொன்னான். எனக்கென்ன காது கேக்காதா? மௌன விரதம்னு மைக்குல சொன்னதே நான்தான?

— அப்ப... இந்தப் போர்டு?

— ஜெயக்கொடி படிக்கட்டும்னு வச்சது. கைதட்டிட்டுப் போனவன் இனி அவனுகளக் கூப்புட முடியுமா? ஒம் பொண்டாட்டி மேலத்தெருக்காரி, அதான் ஒங்கிட்டயும் மூச்சு விடல... போ, தலப்பாத் துணியும் திருநீறும் எடுத்துக்கிட்டு எங்க வீட்டு மொட்டமாடிக்கு. எட்டு மண்ணின் மைந்தரும் விடிஞ்சதுலருந்து அங்கதான் இருக்காக. ஒங்க அக்கா வடை சுட்டு மாளல.