எடை குறைக்கத் தெரிந்த ஊர்

அன்பால் இந்த அவையை ஆளும் தலைவர் சுந்தரம்மாள் அவர்களே! அழைப்பிதழில் என் பெயரை என்னைவிடப் பெரிதாக அச்சடித்த செயலாளர் அனுசியா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் போடி நகரப் பெரியோர்களே! குரங்கணிச் சரிவிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து வந்திறங்கிய தாய்மார்களே! 'எப்போது முடியும்' என்று பந்தலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் ஜீப்பு ஓட்டும் அண்ணன்மார்களே! ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் நடத்தும் இந்தக் கற்பகத்தின் வணக்கம்.

நம் மகளிர் மன்றத்தின் எடை குறைப்புப் போட்டியைத் துவக்கி வைக்க அழைத்தீர்கள். அதிகம் குறைப்பவருக்குப் பரிசு என்ன? கிரைண்டர்! இட்லியைக் குறை என்று சொல்லிவிட்டு இட்லி மாவுக்கு வழிசெய்கிற மன்றம் நம் மன்றம் ஒன்றுதான்! சிரியுங்கள், சிரிப்புக்குக் கலோரிக் கணக்கு இல்லை.

ஆனால் என் கண் கிரைண்டரில் இல்லை; என் பின்னால் தொங்கும் பேனரில் இருக்கிறது. 'நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு கலோரி, எல்லோருக்கும்!' என்கிறது அது. யாருக்கு ஆயிரத்து இருநூறு? கணினி முன் அமர்ந்து வேலை பார்க்கும் அனுசியாவுக்கா? சரி. இந்தக் கணக்கைச் செல்போனில் பார்த்தார், கடைப்பிடித்தார், இளைத்தார், நலமாக இருக்கிறார், வாழ்க! விடியுமுன் ஜீப்பேறி, சரிவேறி, நாளெல்லாம் குனிந்து காய் பறிக்கும் பெண்ணுக்கும் அதே கணக்கா? பால் கொடுக்கும் தாய்க்கும் அதேதானா? எல்லா உடம்புக்கும் ஒரே அளவு என்றால், நம் எல்லோருக்கும் ஒரே ரவிக்கை தைத்துவிடலாமே!

அதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் நாத்தனார் மகாராணி. பேனர் கட்டிய நாளிலேயே போட்டியில் இறங்கிவிட்டாள். "மதினி, ஆயிரத்து இருநூறுன்னு போட்டுருக்காக. நான் அதுல பாதி தின்னா வெரசா எளைச்சுருவேன்ல? கிரைண்டரு எனக்குத்தான்!" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமை காய் பறிக்கும்போதே கண் இருட்டிச் செடிக்குள் சாய்ந்துவிட்டாள். ஜீப்பில் போட்டுக் கொண்டு வந்தார்கள். கண் விழித்ததும் என்ன கேட்டாள் தெரியுமா? "எடை மெசினக் கொண்டா மதினி, இப்ப ஏறி நின்னா கொறஞ்சிருக்கும்."

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய் அவள்.

எடை குறைப்பதைப் பற்றி நமக்கு யார் சொல்லித் தர வேண்டும்? எடையைக் குறைத்தே பிழைக்கிற ஊர் இது! பச்சைக் காய் ஸ்டோருக்குள் போகிறது, ஐந்தில் ஒரு பங்காக வெளியே வருகிறது. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் என்ன ஆகும்? காய் வெடிக்கும், பச்சை நிறம் வெளுக்கும். ஏலம் எடுக்க வரும் வியாபாரிகள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுவார்கள். எடை குறைந்தது, விலையும் குறைந்தது! காய்க்குக் காட்டுகிற பொறுமையை நம் உடம்புக்குக் காட்டக் கூடாதா?

என்னம்மா அங்கே? "அப்ப எம்புட்டுத்தான் திங்கச் சொல்றீக?" என்கிறீர்களா? நல்ல கேள்வி! உங்கள் உயரம், வயது, எடை, பார்க்கிற வேலை இவற்றுக்கு எவ்வளவு தின்றால் எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். அதிலிருந்து நாளுக்கு முந்நூறோ நானூறோ கலோரி மட்டும் குறையுங்கள். வாரத்துக்குக் கால் கிலோ இறங்கினால் அதுவே வெற்றி. தலை சுற்றினால் தட்டில் கூட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்களும் பிள்ளை சுமப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஒரு பிடி சோறும் குறைக்காதீர்கள்!

தலைவர் அவர்களே, சற்று முன் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மன்னியுங்கள், அதைப் பேனரில் உள்ள இந்த எண்ணின் மேல் போர்த்துகிறேன். ஆளுக்கொரு கணக்கு என்று இன்றே அறிவியுங்கள். அதிகம் இளைத்தவருக்கு அல்ல, மயங்காமல் இளைத்தவருக்குக் கொடுங்கள் அந்தக் கிரைண்டரை! ஆகா, தலைவரே எழுந்து வந்து பொன்னாடையின் மறு முனையைப் பிடிக்கிறாரே! தட்டுங்கள் கையை!

துவக்கி வைக்கத்தானே அழைத்தீர்கள்? இதோ துவக்கி வைக்கிறேன். மகாராணி, நிமிர்ந்து உட்கார். காலையில் நான் கட்டிக் கொடுத்த தூக்குவாளியைத் திற. எங்கள் எல்லோர் முன்னாலும் சாப்பிடு, தாயி!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜீப்பை எடுக்காதீர்கள் அண்ணே! வணக்கம்.