பளபளத்த புட்டிகளும் பக்கத்து நாடும்

புட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பழி பக்கத்து நாட்டின் மேல் விழ வைத்தவன் உங்கள் முன் நிற்கிறேன்!

அதை அறிந்தும் அழைத்த அவைத்தலைவர் அவர்களே, அறியாமல் கைதட்டிவிட்ட ஆன்றோர்களே, "இவனா பேசப்போறான்?" என்று இப்போதே பையைத் தேடும் தாய்மார்களே, வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைகளை நினைக்கிறேன். கரை இரண்டு, கொடி இரண்டு, காவல் இரண்டு. ஆறு மட்டும் ஒன்று! நடு ஆற்றில் இரு நாட்டு ஆய்வகப் படகுகளும் உரசி நிற்கும்; இக்கரைப் படகில் நான். ஒரே வாளியில் நீர் மொண்டு, சோதனைக்கு ஆளுக்கொரு புட்டி நிரப்புவோம். புட்டி கொண்டுவருவது ஒரு வாரம் நாங்கள், மறுவாரம் அவர்கள். அக்கரை ஆய்வக அக்கா பிளாஸ்கைத் திறப்பார். "தம்பி, இதாவது சுத்தமா இருக்கு, குடி!" அந்தத் தேநீரின் ஆவி எந்த எல்லையை மதித்தது? அந்தக் காலைகள் இனி வருமா?

என்ன, பின்வரிசையில்? "இங்க டீ எப்போ?"வா? பேச்சு முடிஞ்சதும்தான் ஐயா. அதனாலதானே இன்னும் உட்கார்ந்திருக்கீங்க!

ஆற்றிலும் மண்ணிலும் கடலிலும் இனிக் கழிவு கலப்பதில்லை என்று இரு நாடுகளும் ஒப்பந்தம் போடவிருந்த வாரம் அது. புட்டி முறை எனக்கு. அமைச்சர்கள் பார்ப்பார்களே, பளபளக்கட்டும் என்று வீட்டுச் சோப்பால் தேய்த்துத் தள்ளினேன். கையெழுத்துக் கூடத்துக்குச் சோதனை முடிவு வந்தது: இரண்டு புட்டியிலும் சோப்புக் கழிவு!

"உங்க சலவை ஆலைதான்!" என்றது இக்கரை.

"உங்க சாக்கடைதான்!" என்றது அக்கரை.

பேனாக்கள் பைக்குள் போயின. நாற்காலிகள் நகர்ந்தன. என் மேலதிகாரி காதில் சீறினார்: "வாயத் தொறந்தே, வேலை போச்சு!"

எழுந்துவிட்டேன். "சோப்பு என்னோடதுங்க."

அடுத்து எழுந்தவர் அக்கரை அக்கா. "போன வருஷம் நான் புட்டி மூடிகள மாத்திப் போட்டுக் குழப்பிட்டேன். இந்தப் பய யார்கிட்டயும் மூச்சு விடல."

கூடமே சிரித்தது. அக்கரைத் தலைவர் பேனாவை வெளியே எடுத்தார். "தப்ப ஒத்துக்கிறவங்களோட சேர்ந்து வேலை செய்யலாம்."

அன்பர்களே! கடலுக்குக் கடவுச்சீட்டு உண்டா? மண்ணில் இறங்கும் நஞ்சு எல்லைக்கல்லைப் படித்துவிட்டா நிற்கிறது? "தப்பு என்னுடையது" என்று ஒவ்வொரு கரையிலும் ஒருவர் எழட்டும்! ஒவ்வொரு நாட்டிலும் ஒருவர் எழட்டும்! ஆறு தானே தெளியும்!

பொறுத்த செவிகளுக்கும், மின்விசிறியை என் பக்கம் திருப்பிய புண்ணியவானுக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். மறுவாரம் அக்கா சோப்பே தொடாமல் கழுவிக் கொண்டுவந்த புட்டிகளில் மறுபடி சோதித்தோம். ஆற்று நீரில் சோப்பு முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது.