திரும்பிப் பார்க்காத ஆட்டக்காரன்

எனக்குச் சறுக்கத் தெரியாது. ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களை மதிப்பிடுவது என் தொழில் என்று சொல்லிவிட்டு இதையும் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இந்த விசாரணையில் தமிழில் பேச அனுமதித்ததற்கு நன்றி. முப்பது வருடமாகச் சுவிஸில் இருக்கிறேன்; ஜெர்மன் எனக்குத் தடையில்லை. ஆனால் நீங்கள் கேட்கிற விஷயம் தமிழில் நடந்தது. அதைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மொழிபெயர்ப்பாளர் நல்லவராகத் தெரிகிறார். அரங்கில் எடுபட்ட அந்தக் கமராப் பதிவை நீங்கள் போட்டுக் காட்டியபோது ஓரிடத்தில் அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். ஆரன் என்ற அந்த ஆட்டக்காரப் பையனின் குரல் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். அந்த இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் கழகத்தின் முதல் அணி உயர்ந்த லீக்கில் ஆடுகிறது. அதற்கு ஆள் தயார் செய்ய, கீழ் லீக்கில் இன்னோர் அணி இருக்கிறது. ஃபார்ம் ரீம் என்பார்கள். எல்லாரும் இருபது வயதை ஒட்டிய பையன்கள். வசந்த காலத்தில் அவர்களில் ஒருவனோ இருவரோ மேலே போவார்கள். மற்றவர்கள் மின்வேலைக்கோ வங்கிக்கோ திரும்பிப் போவார்கள். யார் மேலே போகத் தகுதியானவன் என்று சொல்வதற்காக, காப்புறுதி நிறுவனமொன்றின் புள்ளிவிபரப் பிரிவில் இருந்த என்னை 2012இல் எடுத்தார்கள்.

வேகம், அடிக்கும் பலம் எல்லாவற்றையும் கருவிகள் அளந்துவிடும். நான் பார்த்தது வேறு. பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு மூலைக்கு ஓடுகிறது. ஒருவன் அதைத் துரத்துகிறான். அவன் முகம் ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரை நோக்கி இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் எதிராளி வருகிறான். சுவரை அடைவதற்குச் சற்று முன்னால் அநேகமாக எல்லாரும் தோளுக்கு மேலால் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் அரைக்கணம் போய்விடும். அது பயம். அதைத்தான் நான் மதிப்பிட்டேன். பயிற்சியாளர்கள் அதைப் பாதுகாப்பு என்று சொல்லிச் சிறுவயதிலிருந்தே கற்பிக்கிறார்கள். எங்களுக்குள் இது பற்றி நாகரிகமான கருத்து வேறுபாடு இருந்தது.

ஆரன் 2016இல் ஃபார்ம் ரீமுக்கு வந்தான். ஓர்லிகோன் நகர்ப்பகுதியில் வளர்ந்த பையன். நான் மதிப்பிட்டவர்களில் ஒரே தமிழன். தாய் புனிதவதி முதியோர் இல்லமொன்றில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். தனியாகவே மகனை வளர்த்தவர். முதல் ஆட்டத்துக்கு வந்தபோது கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, உந்த விளையாட்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒருத்தனை ஒருத்தன் இடிக்கிறாங்கள், பிறகு கை குடுக்கிறாங்கள். கலியாண வீட்டுச் சண்டை மாதிரியெல்லோ கிடக்கு.”

“பழகீடும் அக்கா.”

“நீங்கள் அவனுக்குப் பக்கத்தில நிப்பியள்தானே? அது காணும் எனக்கு.”

நிற்பேன் என்றேன். நீங்கள் விசாரிக்கிற அந்த நாளில் நின்றேனா என்று கேட்டால், மற்ற எல்லாரையும்விடப் பக்கத்தில் நின்றேன்.

ஆரனிடம் எல்லாம் இருந்தது. ஆனால் மூலையில் திரும்பிப் பார்த்தான். ஒருநாள் பயிற்சி முடிந்து ரெயினில் போகும்போது அவனிடம் இதைப் பற்றிக் கதைத்தேன்.

“பாக்காட்டி எப்பிடி அண்ணை? ட்ரெயினர் பாக்கச் சொல்லித்தானே கத்துறார்.”

“அவர் உன்னை ஃபார்ம் ரீமிலயே வச்சிருப்பார். மேல போறவன் பாக்கிறேல்லை.”

“அப்ப ஆந்தை மாதிரிக் கழுத்தைச் சுத்துறதை விடட்டோ?”

“விடு.”

“அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ.”

விட்டுவிட்டான். நல்ல பையன், சொன்னதைச் செய்வான். ஒரு குளிர்காலத்துக்குள் அந்தப் பார்வை முழுவதும் மறைந்தது. அவனிடம் பயமே இல்லை என்று கழகத்தின் விளையாட்டு இயக்குநரிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் வேறு எவரைப் பற்றியும் நான் அப்படிச் சொன்னதில்லை.

2018 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் இயக்குநர் அவனைப் பார்ப்பதற்கென்றே வந்தார். மேலே ஒரே ஓர் இடம் காலியாகவிருந்தது. ஆட்டத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ட்ரிட்டல் என்பார்கள். இரண்டாவது ட்ரிட்டலில் ஆரன் மூலைக்குப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து வந்தவன் அவனைச் சுவரோடு இடித்தான்; தலை பலகையில் மோதியது.

ஆரன் தானாகவே எழுந்தான். எழுந்து, எதிரணி ஆட்டக்காரர்கள் உட்காரும் வாங்கில் போய் உட்காரப் பார்த்தான். பார்வையாளர்கள் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். நான் கீழே இறங்கிப் போனேன்.

உடைமாற்றும் அறைக்குப் போகும் ஒடுங்கிய பாதையில் அவனை இருத்தியிருந்தார்கள். அணியின் மருத்துவர் எக்லி, வயதானவர், மரியாதையானவர். தலையில் அடிபட்டவனிடம் கேட்கும் வழக்கமான கேள்விகளை ஜெர்மனில் கேட்டார். இது எந்த அரங்கு? எத்தனையாவது ட்ரிட்டல்? கடைசிக் கோல் யாருடையது? நான் ஆரனுக்கு அருகில் முழங்காலிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓர் அண்ணன் ஆறுதல் சொல்வதுபோலத்தான் இருந்திருக்கும்.

“ரெண்டாவது ட்ரிட்டல், ஆரன்” என்றேன் மெதுவாக. “கடைசிக் கோல் எங்கடை.”

அவன் அதை ஜெர்மனில் சொன்னான். பாடம் ஒப்புவிக்கும் பிள்ளையைப் போலச் சொன்னான். மருத்துவர் தலையாட்டினார். தாய்மொழி கேட்டால் மனம் அமைதியாகும் என்றுகூடச் சொன்னார். சற்றுத் தள்ளி உள்ளூர் இணையத் தொலைக்காட்சிக்காரர் கீழே வைத்துவிட்டுப் போன கமரா ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பிறகு ஆரன் என் கையை இறுக்கினான். கையுறை இல்லாத விரல்கள், ஐஸைப் போலக் குளிர்ந்திருந்தன.

“அண்ணை, இது எந்த இடம்? ஏன் இவ்வளவு வெளிச்சம்? எனக்குப் பயமா இருக்கண்ணை. அம்மாட்டைக் கொண்டுபோய் விடுங்கோ.”

என்ன சொல்கிறான் என்று மருத்துவர் என்னிடம் கேட்டார்.

“விளையாட வேண்டும் என்கிறான்” என்றேன் ஜெர்மனில்.

உங்கள் மொழிபெயர்ப்பாளர் நிறுத்திய இடம் அதுதான்.

மூன்றாவது ட்ரிட்டலில் அவனை இறக்கினார்கள். அவன் சிரமமில்லாமல் சறுக்கினான். கால்களுக்கு ஞாபகம் இருந்தது. வட்டு மறுபடி மூலைக்குப் போனது. அவன் துரத்தினான். சுவருக்குச் சற்று முன்னால் திரும்பிப் பார்த்தான். ஒரு வருடமாகப் பார்க்காதவன், அன்று நின்று, முழு முகத்தையும் திருப்பிப் பார்த்தான். வருவது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது அந்த முகத்தில் இருந்தது. எதிராளியால் வேகத்தைக் குறைக்க முடியவில்லை. ஆரன் விழுந்த பிறகும் ஒரு கால் மட்டும் சறுக்குவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. அரங்கில் யாரும் சிரிக்கவில்லை.

அப்போது எனக்கு முதலில் வந்தது கோபம். இயக்குநர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் திரும்பிப் பார்த்துவிட்டான்.

அவன் பயமாக இருக்கிறது என்று சொன்னதை ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அது அடிபட்ட மூளையின் பேச்சு, ஆரனுடைய பேச்சில்லை என்று நினைத்தேன். அப்படியானால் மூளை அடிபட்டிருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே என்பீர்கள். நியாயமான கேள்வி. தெரிந்திருந்தது. அவன் கையைப் பிடித்திருந்தபோதே தெரிந்திருந்தது. இன்னோர் அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதும் காப்புறுதியில் வேலை செய்தவனுக்குத் தெரியும். ஆனால் அவனிடம் பயமே இல்லை என்று நான் சொல்லியிருந்தேன். அந்தச் சொல் என் கண்முன்னே, அவன் வாயாலேயே பொய்யாவதை என்னால் அனுமதிக்க முடியவில்லை. அதனால் அனுப்பினேன். மருத்துவர் மீது குற்றமில்லை; எதிராளி மீதும் இல்லை.

ஆரன் இப்போது பராமரிப்பு இல்லமொன்றில் இருக்கிறான். பேச்சு இல்லை. நான் ஞாயிறுதோறும் போகிறேன். மற்ற யார் வந்தாலும் யன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் கதவைத் திறந்தால் மட்டும் நாற்காலியில் ஒடுங்கி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு அழுவான். போன ஞாயிறு புனிதவதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னைக்கூட அவனுக்குத் தெரியேல்லைத் தம்பி. உங்களைத்தான் மறக்கேல்லை. நீங்கள் வராமல் விட்டிடாதேங்கோ.”

மருத்துவ ரீதியாக அது நல்ல அறிகுறி என்று நானும் அவரிடம் சொன்னேன். என்னை எங்கே வைத்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போக அனுமதி வேண்டும். அவனுடைய முன்னேற்றத்தைச் சரியாக மதிப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?