கை ரிவெட்டரை நான் தேர்ந்தெடுத்த காரணம்

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் யாராவது தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டிக் காட்டுவது வழக்கம். எனக்கு அது பிடிக்கும். நாங்கள் அலுவலக நாற்காலிகள் செய்கிறோம். எந்த வேலை எந்த மூட்டைப் பழுதாக்கும் என்று முன்கூட்டியே பார்த்துத் தடுப்பது என் பொறுப்பு. அங்கே தகடுகளை ஆணியால் இணைக்கும் கை ரிவெட்டர்களை ஒவ்வொன்றாக அகற்றிவிட்டுக் காற்றில் இயங்குபவற்றைக் கொண்டுவந்ததே நான்தான். அப்படிப்பட்டவள் தான் உதவிக்குப் போகும் பள்ளி ரோபோ அணிக்கு மட்டும் ஏன் கைக்கருவி வாங்கினாள் என்று கேட்கிறீர்கள். பள்ளி வாரியம் உங்களை அனுப்பியிருப்பதால் ஒழுங்காகவே பதில் சொல்கிறேன்.

ஜனவரியில் பட்டறையில் அதைப் பற்றிப் பேசினோம். ரோபோவின் உடல் முழுக்க அலுமினியத் தகடு. தகடுகளைச் சேர்ப்பது ரிவெட். கைக்கருவியில் இரண்டு பிடிகளையும் ஒன்றாகச் சேரும்வரை அழுத்த வேண்டும். காற்றுக்கருவியில் விசையைத் தொட்டால் போதும். பிள்ளைகளுக்குக் காற்றுதான் வேண்டும்.

“பக்கத்து ஸ்கூல்காரங்க டப்பு டப்புன்னு அடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க, மிஸஸ் வீ. நாம மட்டும் கையால நசுக்கிட்டு உக்காரணுமா?” என்று என்னிடம் கேட்டான் ஒருவன்.

“நீ ஒண்ணும் நசுக்க வேணாம்டா. உனக்கு ஊறுகாய் பாட்டில் மூடியே திறக்க வராது,” என்றாள் டெஸ்ஸா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயிற்சியாளர் ஹூக்ஸ்மா என்னைப் பார்த்து, “கருவி விஷயம் உங்களுக்குத்தான் தெரியும், லோர்னா. நீங்களே சொல்லிடுங்க,” என்றார்.

சொன்னேன். காற்றுக்குழாய் தரையில் கிடந்தால் தடுக்கி விழுவார்கள். ரிவெட்டிலிருந்து அறுந்த கம்பி தெறிக்கும். கம்ப்ரஸர் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கையால் அடித்தால் ரிவெட் இறுகுவதை விரலே உணரும். நடுவர்கள் வந்து “இதை யார் கட்டியது?” என்று கேட்கும்போது, “எங்கள் கையால்” என்று பிள்ளைகள் சொல்லலாம். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எங்கள் தொழிற்சாலை காற்றுக்கருவியை இரவல் தர மறுத்துவிட்டது என்று சொன்னது மட்டும் பொய். அது அப்போது என் காரின் பின்பெட்டியில் இருந்தது.

என் மகன் ரீட் கடைசி வகுப்பு. ரோபோவை ஓட்டும் இடத்துக்கு இரண்டு பேர்தான் போட்டி, அவனும் டெஸ்ஸாவும். டெஸ்ஸா ஒரு வகுப்பு கீழே. அவள் ஓட்டுவதைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜாய்ஸ்டிக்கை அவள் அசைப்பதே கண்ணில் படாது. ரீட் நன்றாகத்தான் ஓட்டுவான், ஆனால் யோசித்து ஓட்டுவான். அவளுக்கு அடுத்த வருடம் இருந்தது. அவனுக்கு இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள்.

டெஸ்ஸாவை ரிவெட் பொறுப்பாளர் ஆக்கினேன். அவளுக்குப் பெருமை. பொறுப்பை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கும் பெண் அல்ல அவள். இரண்டு கையால் அழுத்தும் நீளப்பிடிக் கருவி கடையில் இருந்தது. நான் ஒரு கையால் அழுத்துவதை வாங்கினேன். அதன் பிடி விரியும் அகலம் அவள் கைக்கு அதிகம். பாரம் முழுவதும் விரல் நுனியில் விழும், மணிக்கட்டு வளையும். இதை அளக்க எனக்குக் கருவி தேவையில்லை, பார்த்தாலே தெரியும். ரிவெட்டும் அலுமினியத்தில் வாங்கவில்லை, எஃகில் வாங்கினேன். எஃகு உறுதியானது, அழுத்தத்தான் பலம் அதிகம் வேண்டும். உறுதி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

சனிக்கிழமைகளில் நான் பாதாம் விழுது வைத்த பாங்கெட் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போவேன். ஒருநாள் டெஸ்ஸா அதை எடுக்கும்போது கை நழுவிக் கீழே போட்டாள். பிறகு தனியாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மிஸஸ் வீ, கட்டைவிரல் மரத்துப் போற மாதிரி இருக்கு. ராத்திரி அதனாலேயே முழிச்சுக்கறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஓட்ட விடமாட்டாங்க.”

“சொல்லமாட்டேன்மா. புதுசா வேலை செய்யற கை அப்படித்தான் இருக்கும். பழகிடும்.”

தொழிற்சாலையில் ஒருவர் இதே வார்த்தைகளைச் சொன்னால் அந்த நிமிடமே வேலையை நிறுத்திவிடுவேன். இரவில் விழிப்பு வந்தால் நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் தொடர்ந்தால் கட்டைவிரலின் சதை வற்றிவிடும். தெரியும். தெரிந்துதான் அடுத்த பெட்டி ரிவெட்டை அவளிடம் கொடுத்தேன்.

ஓட்டுநர் தேர்வில் ஜாய்ஸ்டிக் அவள் கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. அவள் அழவில்லை. “பதட்டம், சார்,” என்று ஹூக்ஸ்மாவிடம் சொன்னாள். ரீட் தேர்வானான்.

கிராண்ட் ராபிட்ஸ் நகரில் நடந்த போட்டியில் ஒரு தகடு கிழிந்தது. உதிரித் தகடு எடுக்க ரீட் என் காரின் பின்பெட்டியைத் திறந்தான். நான் பின்னாலேயே போயிருக்க வேண்டும்.

“இது எப்போலேர்ந்தும்மா இங்க இருக்கு?”

“ஜனவரிலேர்ந்து.”

“டெஸ்ஸா கையில கட்டு போட்டுக்கிட்டு மேல கேலரில உக்காந்திருக்கா.”

“பார்த்தேன்டா. மேட்ச்சுக்கு நேரமாச்சு, போ.”

அவன் போனான். ஜாய்ஸ்டிக்கை ஹூக்ஸ்மாவின் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அதன் பிறகு ஓட்டவே இல்லை. அத்தனை ஏற்பாடும் வீணாகிவிட்டது. இப்போது அவன் அப்பா வீட்டில் இருக்கிறான். என் அழைப்பை எடுப்பதில்லை.

டெஸ்ஸாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. வலது கட்டைவிரலில் உணர்வு முழுதாகத் திரும்பாது என்று மருத்துவர் சொன்னதாக உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நான் எதிர்பார்த்ததும் அதுதான். மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த அறிக்கையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வலி தாங்காமல் ஒருநாள் இடது கைக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று அவள் என்னிடம் கேட்டாள். கூடாது, ரிவெட் சாய்ந்துவிடும் என்று நான்தான் தடுத்தேன். அவளுடைய இடது கை இன்று நன்றாக இருப்பது என்னால். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.