மொட்டைமாடியிலிருந்து குதிப்பவர்

தாம்பரத்தில் என்னோடு வெயிலும் பேருந்தில் ஏறிக்கொண்டது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலுக்கு வெளியே பேனரில், பெரிய நடிகர் ஒருவர் முகத்தை நம் பக்கம் திருப்பியபடி மொட்டைமாடியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்.

“இந்த வயசுலயும் இன்னாமா குதிக்கிறாரு, பாருக்கா!” என்றாள் இளையவள்.

“அது எங்க வூட்டுக்காரரு. மூஞ்சி மட்டும்தான் ஹீரோவோடது,” என்றாள் மூத்தவள்.

“டூப்பா? அப்போ மொதப் படத்துல ரயில்லேர்ந்து குதிச்சாரே?”

“அதுல இடுப்பு போச்சு.”

“போலீஸ் படம்?”

“வலது தோளு.”

“நூறு நாள் ஓடுச்சே, அந்த பைக் படம்?”

“படம் ஓடுச்சு. இவரு நூறு நாளும் படுத்துகினு இருந்தாரு.”

“இப்பவும் போறாராக்கா?”

“கூப்ட்டா நொண்டிகினே கெளம்பிடுவாரு. அதான் அவரு போனை நான் எடுத்துகினு வந்துட்டேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, அவள் கைப்பைக்குள் அந்த நடிகரின் பாட்டே மணியாக ஒலித்தது. எடுத்தாள்.

“நாளைக்கா? மூணு மாடியா?” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேருந்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

“சார், ஹீரோவுக்கு வயசாயிடுச்சு. இனிமே குதிக்க வாணாம், லிஃப்ட்ல எறங்கி வரச் சொல்லுங்க.”