தண்ணீர் ஏறுவதற்குள் நாற்பது கையெழுத்து

லஸ்ஹர்: கோடைக்காலம்மா இது. நகராட்சியில கையெழுத்துக்கு முத்திரை போடற ஜன்னலை ரெண்டு மணிக்கே மூடிடுவோம்.

மப்ரூகா: என்னண்ணே அநியாயமா இருக்கு! மூணு மணிக்குத்தானே தண்ணி ஏறும்?

லஸ்ஹர்: தண்ணியைக் கேட்டுக்கிட்டா ஆபீஸ் நடக்குது?

மப்ரூகா: எங்களுக்கு எல்லாம் அப்படித்தாண்ணே. கடல் வத்தினா மணல்ல மட்டிச் சிப்பி தோண்ட இறங்குவோம், ஏறினா கரைக்கு வருவோம். ‘தண்ணி ஏறினதும் நகராட்சிக்கு வந்துடுங்கடி’ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே...

லஸ்ஹர்: எத்தனை பேரு?

மப்ரூகா: என்னோட சேர்த்து முப்பத்தொன்பது. இந்தாங்க, அடையாள அட்டையெல்லாம் இந்த வாளியில இருக்கு.

லஸ்ஹர்: ஐயய்யோ, மேஜை பூரா மணல்! அட்டை வந்தா போதாதும்மா. ஆளு வந்து என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போட்டாத்தான் முத்திரை. நாளைக்கு வாங்க.

மப்ரூகா: நாளைக்குக் காலையில மனு தலைநகரத்துல, துனிஸ்ல இருக்கணும்ணே! நாப்பது முத்திரை இல்லைன்னா குப்பைக்கூடைதானாம்.

லஸ்ஹர்: என்ன மனு அப்படி?

மப்ரூகா: படிச்சுப் பாருங்களேன்.

லஸ்ஹர்: நான் கையெழுத்தைத்தான் பார்க்கணும். விஷயத்தைப் படிக்கறது என் வேலையில்ல.

மப்ரூகா: அப்ப காதால கேளுங்க. நம்ம கடலைக் காக்கற அலுவலகத்துக்கு ஷாக்கிரைத் தலைவராப் போட்டிருக்காங்க. அதுக்குத்தான் ஆட்சேபனை.

லஸ்ஹர்: அவரு மேல என்ன குறை?

மப்ரூகா: பதினெட்டு வருஷம் உரக் கம்பெனியில மேனேஜர். குழாய் வெச்சுக் கறுப்புச் சேத்தைக் கடல்ல விட்டவரு. தேர்தல்ல கட்சிக்கு ஓடியாடி உழைச்சாராம், தூக்கிக் கொடுத்துட்டாங்க பதவியை! அந்த மனுஷனுக்கு வெட்கமே இல்லையாண்ணே?

லஸ்ஹர்: அது... எனக்கெப்படித் தெரியும்?

மப்ரூகா: முன்னெல்லாம் ரெண்டு மணி நேரத்துல வாளி நிறையும். இப்ப நாள் பூரா குனிஞ்சாலும் வாளியோட அடி மறையலை. இவரு வந்தாருன்னா மிச்சமிருக்கற மட்டியும் போச்சு. அப்புறம் நாங்க ரொட்டிக்கு எங்க...

லஸ்ஹர்: மட்டி புதைஞ்ச இடத்துல மணல்ல கண்ணு மாதிரி ரெண்டு ஓட்டை தெரியுமே... பொடிசா, பக்கத்துப் பக்கத்துல. அதுகூடவா இல்லை?

மப்ரூகா: அடேயப்பா! ஜன்னலுக்குப் பின்னாடி உக்கார்ந்திருக்கறவருக்கு மட்டியோட கண்ணு எப்படித் தெரியும்?

லஸ்ஹர்: யாரோ சொன்னாங்க. நஸீஹா! அந்த விதிப் புத்தகத்தை எடு.

நஸீஹா: இருபது வருஷமா பக்கத்து ஜன்னல்ல இருக்கேன், நீங்க அதைத் தொட்டதே இல்லையே! என்ன ஆச்சு இன்னிக்கு?

லஸ்ஹர்: கிண்டல் போதும். ஆபீசுக்கு வர முடியாதவங்ககிட்ட நாமளே பதிவேட்டை எடுத்துட்டுப் போகலாம்னு இருக்குமே?

நஸீஹா: இருக்கு. ஆனா படுத்த படுக்கையா கிடக்கறவங்களுக்குத்தானே போவோம்?

லஸ்ஹர்: படுக்கைன்னு எழுதியிருக்கா?

நஸீஹா: இருங்க... இல்லை. எழுதலை.

லஸ்ஹர்: முழங்கால் வரைக்கும் சேத்துல நிக்கறவ மட்டும் எப்படி வருவா? முத்திரையை எடு. மையை மறந்துடாதே.

மப்ரூகா: அண்ணே... நெசமாவா? எனக்கு அழுகையே வந்துடும்போல இருக்கு.

லஸ்ஹர்: அதையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம், மணி பன்னெண்டரை. ஆமா, நாப்பதுன்னியே... ஒண்ணு குறையுதே?

மப்ரூகா: வழியில யாராச்சும் கிடைப்பாங்கண்ணே.

லஸ்ஹர்: வழியில எதுக்கு? என் பேரை எழுதிக்கோ.

மப்ரூகா: உங்க வேலைக்கு ஏதாவது...

லஸ்ஹர்: வர்றது வரட்டும். எங்கம்மா முதுகு கூனிப்போனதே மட்டி தோண்டித்தான். அதை வித்துத்தான் எங்க ரெண்டு பேரையும் படிக்க வெச்சா.

மப்ரூகா: ரெண்டு பேரா?

லஸ்ஹர்: என்னையும்... ஷாக்கிரையும். என் கூடப்பிறந்த அண்ணன்மா அவன். இவ்வளவு நேரமும் சொல்ல வாய் வரலை. ஆனா பாரு, என் கையெழுத்துக்கு நானே முத்திரை குத்தக் கூடாது.

நஸீஹா: அதுக்குத்தானே நான் இருக்கேன். மப்ரூகாக்கா, தாளைத் திருப்பிக் காட்டுங்க.

மப்ரூகா: கோவிச்சுக்காதீங்கண்ணே. பத்து வயசுல உங்கம்மா பக்கத்துல நின்னு தோண்டக் கத்துக்கிட்டவ நான். மூணு ஜன்னல் இருக்க, நேரா உங்ககிட்ட ஏன் வந்தேன்? நாப்பதாவது வரியில உங்க பேரை நேத்தே எழுதி வெச்சாச்சு.