ஒட்டிக்கொண்டு நிண்டவர்

இல்லை அன்ரி, டொக்டர் இல்லை. டாக்கர். உங்கட மகன் இப்பவும் கம்பியூட்டர் வேலைதான் செய்யிறார், பயப்பிடாதேங்கோ. டாக்கர் எண்டுறது விளையாட்டில. மற்றப் பக்கத்து நல்ல ஆளோட ஒட்டிக்கொண்டு நிக்கிறவர். அவருக்குப் பந்து தேவையில்லை, கோல் தேவையில்லை, அந்த ஆளை மட்டும் விடக்கூடாது. அவ ஓடினால் ஓடவேணும், நிண்டால் நிக்கவேணும், குனிஞ்சு சப்பாத்துக் கட்டினால் பக்கத்தில நிண்டு பாக்கவேணும்.

ஆரோட ஒட்டினவரோ? என்னோடதான்.

ஐயோ, எழும்பாதேங்கோ, ரெயின் இப்ப பேர்ணிலதான் நிக்குது. நாங்கள் துன்னில இறங்கவேணும், இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கு. முரளி அங்க ஸ்ரேசனில நிப்பார். எயார்போட்டுக்கு ஏன் வரேல்லையோ? அதுக்குத்தானே அன்ரி நான் வந்தனான்.

கிரிக்கெட் எண்டோ சொல்லி வைச்சிருக்கிறார்? கிரிக்கெட் இல்லை. அவுஸ்திரேலிய ஃபுட்போல். பந்து முட்டை மாதிரி இருக்கும். காலால அடிக்கலாம், கையில பிடிக்கலாம், முஷ்டியால குத்திக் குடுக்கலாம், எறியத்தான் கூடாது. ரெண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். நடுவர் நடுவில பந்தைக் குத்தி எழுப்புவார், அதை எடுக்கிறதுக்கு நாங்கள் நடுக்கள ஆக்கள் விழுந்தடிப்பம். இஞ்ச ஒருத்தருக்கும் உது தெரியாது. போன வருசம் வேலி ஓரமா நிண்ட ஒரு கிழவன், உது ஒஸ்ரியா நாட்டு விளையாட்டோ எண்டு கேட்டார். ஓம் எண்டு சொல்லிப்போட்டம். அவருக்கும் சந்தோசம்.

ஆம்பிளையளோட சேர்ந்தோ எண்டால், சேர்ந்துதான். ஆக்கள் காணாது அன்ரி. ஆம்பிளை தனிய, பொம்பிளை தனிய எண்டு பிரிச்சால் பந்தை எடுத்துத் தரவும் ஆள் இராது.

பிரஷாந்தி. துன்னில ஒரு ஹொட்டேல் றிசெப்சனில வேலை. அப்பா அம்மா மன்னார் ஆக்கள், நான் இஞ்ச பிறந்தனான். ஓம், வேதக்காரர்தான், மாதா கோயில். அதுக்குள்ள என்ன ஆக்களோ? நான் நடுக்களம் அன்ரி.

முரளி அப்ப பேர்ண் ரீமில, நான் துன் ரீமில. வேலைக்கெண்டு வந்து, தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லாமல், வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தில எங்கயாவது போகவேணும் எண்டு போய்ச் சேர்ந்தவர். பிடிக்கத் தெரியாது. அடிக்கத் தெரியாது. ஆனபடியால் அவையின்ர கோச் என்னைக் காட்டி, உவவை விட்டிடாதே, உனக்கு வேற வேலை இல்லை எண்டு சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். உங்கட மகன் சொன்னதைச் சொன்னபடி செய்யிற பிள்ளை எல்லே?

முதல் மச்சில எனக்குப் பந்தே கிடைக்கேல்லை. திரும்பின பக்கமெல்லாம் இந்த மனுசன். இடிக்கவும் மாட்டார், முட்டினால் உடன சாரிங்க எண்டுவார். கொஞ்சம் பொறுத்துப் பாத்தன், பேந்து முழங்கையால ஒண்டு குடுத்தன். நடுவர் அவருக்கு ஃப்ரீ கிக் குடுத்திட்டார். அந்தப் பந்தை அடிக்க முதலும் என்னட்ட வந்து, வலிக்கலைங்க எண்டார். எனக்கு அதுதான் கூடக் கோவம்.

எங்கட கோச் உர்ஸ் எண்டு ஒரு சுவிஸ்காரர். இன்சூரன்ஸ் கொம்பனியில வேலை. அவுஸ்திரேலியாவுக்கு ஒருநாளும் போனதில்லை, எல்லாம் வீடியோ பாத்துப் படிச்சவர். காந்தம் ஒட்டிற பலகை ஒண்டு கொண்டு வந்து, சிவப்புக் காந்தம் நான், நீலக் காந்தம் முரளி எண்டு வைச்சு ஒரு முழுப் பின்னேரமும் விளங்கப்படுத்தினவர். டாக்கரிட்ட இருந்து தப்புறதுக்கு முதலாவது வழி ஓட்டமாம். நிக்காமல் ஓடு, அவன் களைச்சு விழுவான். முரளியின்ர வண்டி வயித்தைப் பாத்து நானும் அதை நம்பினன்.

இப்ப வண்டி இல்லையோ? இருக்கு. ஆனால் அடுத்த மச்சில அந்த வண்டியோட முழுக்க ஓடினவர் அன்ரி. ஒருக்கா கோட்டுக்கு வெளியில போய்ச் சத்தி எடுத்தார். சரி, துலைஞ்சார் எண்டு நான் பந்துக்குப் போறன், வாயைத் துடைச்சுக்கொண்டு பக்கத்தில வந்து நிக்கிறார். சத்தி எடுத்திட்டு வாற ஆளை என்ன செய்யிறது?

பேந்து உர்ஸ் சொன்னார், கோல் கம்பத்தடிக்குப் போய் நில் எண்டு. டாக்கரும் அங்க வந்தே ஆகவேணும், ஆனால் தடுக்கத் தெரியாத ஆள் அந்த இடத்தில நிண்டால் அவையளுக்குத்தானே நட்டம். அது சரிவந்தது. உயரத்தில பந்தைப் பிடிச்சு, அவற்ற தலைக்கு மேலால கோல் அடிச்சன். உங்கட மகன் கை தட்டினார். பேர்ண்காரர் முழுப்பேரும் அவரைப் பேசினவை. அவர் திரும்பி, இல்லைங்க, நல்லா அடிச்சாங்க எண்டு தமிழில சொல்லுறார், அவையளுக்கு!

சிறில் அண்ணையையும் விட்டுப் பாத்தம். ஹொட்டேல் சமையல்காரர், குளிர்சாதனப்பெட்டி அளவில ஒரு ஆள். நான் ஓடேக்க டாக்கருக்குக் குறுக்கால போய் நிக்கிறது அவற்ற வேலை. சட்டப்படிதான், பந்து கிட்ட இருந்தால் மறிக்கலாம். முரளி வந்து, அண்ணே கொஞ்சம் வழி விடுறீங்களா எண்டு கேட்டாராம். சிறில் அண்ணை விலத்தி வழி விட்டிட்டார். ஏனண்ணை எண்டு கத்தினன். மரியாதையாக் கேக்கிற பொடியனை எப்பிடியடி இடிக்கிறது எண்டு எனக்கு ஏச்சு.

சிரிச்சிட்டியள். முரளியும் உப்பிடித்தான், கண்ணை மூடித்தான் சிரிப்பார்.

கடைசியா சரிவந்தது கதைக்கிறது. அது உர்ஸின்ர பலகையில இல்லை, நான் கண்டுபிடிச்சது. டாக்கருக்குப் பந்திலயும் கவனம் இல்லை, இடத்திலயும் கவனம் இல்லை, ஆளில மட்டும்தான். அந்தக் கவனத்தைக் குழப்பினால் காணும். நடுவர் பந்தைக் குத்தப்போற நேரம் பாத்து, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கள் எண்டு கேட்டன். மனுசன் யோசிச்சார். தயிர்ச்சோறுங்க எண்டு சொல்லி முடிக்க நான் பந்தோட அங்கால. அண்டைக்கு நாங்கள் வெண்டம். பிறகு ஒவ்வொரு மச்சிலயும் இதுதான். என்ன வேலை, வீட்டில ஆர் ஆர், ஏன் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? அவரும் ஏமாந்து ஏமாந்து பதில் சொல்லுவார்.

ஒருநாள் நான் ஒண்டும் கேக்கேல்லை. அவரே சொன்னார், அம்மா நேத்து ஃபோன்ல அழுதாங்க எண்டு. ஓம் அன்ரி, உங்களுக்குக் காலில சத்திரசிகிச்சை செய்த நேரம். லீவு கேட்டுக் கிடைக்கேல்லை எண்டு சொல்லேக்க பந்து எங்களுக்கு நடுவில வந்து விழுந்தது. நான் எடுக்கேல்லை. அவரும் எடுக்கேல்லை. வேற ஆரோ கொண்டுபோய்க் கோல் அடிச்சிட்டினம். ஆர் அடிச்சது எண்டு எனக்கு இப்பவும் தெரியாது. உர்ஸ் மட்டும் கரையில நிண்டு பலகையை நிலத்தில போட்டு அடிச்சார்.

உங்களைப் பற்றி எல்லாம் தெரியும் அன்ரி. நாளுக்கு ஒருக்கா வீடியோவில கூப்பிடுவீங்கள். கமராவைத் திருப்பு, அறையைக் காட்டு, குசினியைக் காட்டு, அந்தக் கதவுக்குப் பின்னால என்ன எண்டு கேப்பீங்கள். குறை சொல்லேல்லை. எங்கட உர்ஸ் உங்களைக் கண்டால் ரீமில சேர்த்துப்போடுவார், அதைத்தான் சொல்லுறன்.

பிறகுதான் முரளி துன்னுக்கு மாறி வந்தவர். ஏரிக்காத்து உடம்புக்கு நல்லமெண்டு சொன்னவரோ? ஏரி இருக்குத்தான்.

ஷ்ருதியோ? ஓம், ஃபோட்டோ காட்டினவர். நல்ல வடிவு, சூரிச்சில நல்ல உத்தியோகமும். ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை பாக்க அவையின்ர வீட்டை போறதெண்டு சொல்லி வைச்சிட்டீங்கள், என்ன? நான் அந்தப் பிள்ளையோட கதைச்சனான். ஃபோன் நம்பர் முரளிதான் தந்தவர், நீங்கள்தானே அவருக்கு அனுப்பி வைச்சது. அவவுக்கும் லொசானில ஒரு ஆள் இருக்காம். அவவின்ர அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லையாம். பாவம், பயப்பிடுறா.

துன் வந்திட்டுது அன்ரி. அந்தப் பெரிய பெட்டியை நான் தூக்கிறன், நீங்கள் காலைப் பாத்து இறங்கினால் சரி. வீட்டில படி இல்லை, லிஃப்ற் இருக்கு. உங்களுக்குப் பெரிய அறைதான். அலுமாரியில இருந்த என்ர உடுப்பெல்லாம் எடுத்துச் சின்ன அறையில வைச்சிட்டன், உங்கட சீலையளை வடிவா அடுக்கலாம்.

ஓம். என்ர உடுப்புத்தான்.

வைகாசியில கலியாணம் எழுதினனாங்கள். சிறில் அண்ணையும் உர்ஸும்தான் சாட்சி. உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் ஃபோனைக் கையில எடுப்பார். நீங்கள் சாப்பிட்டியா எண்டு கேப்பீங்கள், சாப்பிட்டன் எண்டு வைச்சிடுவார். நேரில சொல்லுறன் எண்டவர். நேத்து முழுக்க வீட்டுக்க அங்கயும் இஞ்சயும் நடந்திட்டு, நீயே போய்ச் சொல்லிடும்மா எண்டு கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் பயம்தான். பயத்திலதானே இவ்வளவு கதையும் கதைச்சனான். ஏசுறதெண்டால் ஏசுங்கோ, ரெயினுக்குள்ள ஆக்கள் திரும்பிப் பாத்தால் பாக்கட்டும். அழாதேங்கோ மட்டும்.

உங்கட பக்கத்தில என்னண்டு கூப்பிடுறது, அத்தையோ? எங்கட பக்கத்தில மாமி.

மெல்ல, மெல்ல, என்ர கையைப் பிடியுங்கோ. அங்க பாருங்கோ மாமி, அந்த மெசினுக்குப் பின்னால. சாக்லேட் விக்கிற மெசின். வண்டி மட்டும் வெளியில தெரியுது எல்லே, அவர்தான். ஒருக்காக் கையைக் காட்டுங்கோ. நீங்கள் காட்டினால்தான் வெளியில வருவார்.